வாயில் குழாய் இருக்கும்போது

அந்த வியாழக்கிழமை காலை, யாரோ ஒரு பெரியவரின் மேல் தாடைக்கு மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தபோது, பல் செட்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். மனைவியிடம் சொல்லிவிடுவது. எப்படியும் சொல்லிவிடுவது. அவள் வாயில் ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடுவது.

இதைக் கேட்டுவிட்டு அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பரம சாது. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் பல்லால்தான். அடுத்தவர் வாயைப் பற்றியே இருபத்துநாலு மணி நேரமும் நினைக்கிற மனிதருக்குச் சொந்த வீட்டில் மட்டும் வாய் திறக்க வாய்ப்பு இல்லை. திறக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை மனைவி முடித்துவிடுவாள், அவ்வளவுதான். "நாளைக்கு" என்று ஆரம்பித்தால் "முடியாது" என்று முடியும். "எனக்கென்னவோ" என்று ஆரம்பித்தால் "தோணக்கூடாது" என்று முடியும். கல்யாணம் ஆன புதிதில் இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. போகப் போக, பாதி வாக்கியம் பேசினால் போதும் என்பதில் ஒரு சௌகரியமும் இருப்பதாகப் பட்டது.

ஆனால் இந்த விஷயத்தைப் பாதி வாக்கியத்தில் சொல்ல முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் அவருடைய அண்ணன் போன் செய்திருந்தார். அண்ணன் நாற்பது வருடம் ஏலம் கூவி ஓய்வு பெற்றவர். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் மூன்று தரம் சொல்வார், அடுத்த தெருவிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள். அவருடைய வீட்டுக் கூரையைப் பிரித்து வேலை நடக்கப்போகிறதாம். ஆறு மாதம் ஆகுமாம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்து, தம்பி வீட்டு முன் ரூமில் தங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறாராம். இதற்கு நம் ஆள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் "தாராளமா வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அது.

முன் ரூம் என்றால் ஏதோ சும்மா கிடக்கிற இடமென்று நினைக்க வேண்டாம். அது மனைவியின் தையல் அறை. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீளப் பலகை, சுவர் முழுக்க நூல்கண்டு, கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். புதுத்துணி தைப்பதில்லை. சின்னதைப் பெரிதாக்குவாள், பெரிதைச் சின்னதாக்குவாள், ஜிப் மாற்றுவாள், கிழிசல் இருந்த இடமே தெரியாமல் மூடுவாள். தெருவில் யார் இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்பது அந்த அறைக்கு மட்டும் தெரியும், அறையைத் தாண்டி அது ஒரு நாளும் வெளியே போனதில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவள் அங்கேதான் இருப்பாள். அதைக் காலி செய் என்று சொல்வது அவள் கையைக் கழற்றி வை என்று சொல்வது மாதிரி. அது அவருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் மூன்று வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமைதான் அந்தத் திங்கட்கிழமை.

அவருடைய முடிவுக்கு வழிகாட்டியவர் பல் டாக்டர். பல் செட்டுக்கு அளவெடுக்க, குழைத்த மாவை ஒரு தட்டில் வைத்து நோயாளியின் வாயில் அழுத்துவார்கள். அது இறுகுவதற்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் நோயாளியால் உதட்டைக்கூட அசைக்க முடியாது. டாக்டர் கெட்ட செய்தி எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிடத்துக்கென்றே சேர்த்து வைத்திருப்பார். இன்னும் நாலு பல்லைப் பிடுங்க வேண்டும், செட் வர ஒரு மாதம் ஆகும், போன தடவை செய்தது சரியில்லை, எல்லாம் அப்போதுதான் வரும். நோயாளி "ம்ம்" என்பார். வேறு என்ன சொல்ல முடியும்? தட்டை வெளியே எடுக்கும்போது விஷயம் பழசாகிவிடும். பிடுங்கவேண்டிய நாலு பல்லும் பிடுங்கிய மாதிரியே. தன் அறையின் அரைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து பத்தொன்பது வருடமாக இதைக் கேட்டு வந்த பல் செட்காரருக்கு, உலகத்தில் இதைவிட நாகரிகமான முறை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பிரச்சினை ஒன்றுதான். மனைவிக்கு முப்பத்திரண்டு பல்லும் இரும்பு மாதிரி இருந்தது.

அப்போதுதான் வரவேற்பு மேசையில் அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தார். தீவுகளுக்கு ஒருநாள் சுற்றுலா. சிறு படகில் நீங்களே துடுப்புப் போட்டுப் போகலாம், பவளப்பாறைக்கு மேல் மிதக்கலாம், நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், மிதவைச் சட்டை தரப்படும். கீழே ஒரு படம். நீலத் தண்ணீரில் ஆறேழு பேர் வரிசையாக, முகத்தில் பெரிய கண்ணாடியும் வாயில் வளைந்த குழாயுமாக மிதந்துகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தும் ஒருவர்கூடப் பேசிக்கொண்டிருக்கவில்லை. பல் செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தார்.

"சனிக்கிழமை" என்று ஆரம்பித்தார்.

"நாலு பேண்ட்டுக்கு அடி மடிக்கணும்" என்று முடித்தாள் மனைவி.

"இல்லம்மா. ரெண்டு பேரும் கடலுக்குப் போயிட்டு வரலாம்னு. கல்யாண நாளுக்கு."

"அது போய் நாலு மாசம் ஆச்சு."

"அதான். விட்டதப் பிடிக்கலாம்னு."

அவள் ஊசியில் நூல் கோக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோத்து முடித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போகலாம் என்றாள். ஏன், எதற்கு, யார் சொன்னது, வெயிலில் கறுத்துப்போய் விடுவோமே, ஒன்றும் கேட்கவில்லை. விவரமான புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று ஒரு தோசை அதிகம் சாப்பிடுகிற சந்தோஷத்தோடு கை கழுவப் போனார்.

சனிக்கிழமை கடல் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தது. விசைப்படகு அவர்களை முதல் தீவில் இறக்கிவிட்டது. அங்கே மணலில் சிறு படகுகள் கிடந்தன. ஒல்லியாக, நீளமாக, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும்படி இரண்டு குழி. வழிகாட்டியாக வந்தவள் ஒரு பெண். வெயிலில் காய்ந்து முறுகிய உடம்பு, கத்திக் கத்திக் கரகரத்த குரல். முன்னால் இருப்பவர் போடுகிற தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும், சொந்தமாகப் போட்டால் துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொள்ளும் என்று விளக்கினாள். கனமானவர் பின்னால் என்றாள். எல்லோரும் பல் செட்காரரைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் பாடம் நாலைந்து தடவை நடந்தது. அடுத்தவர் தாளத்துக்கு அசைகிற வித்தை நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படகு முதல் தடவையே நேராகப் போயிற்று. பத்து வருடத்தில் இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை என்று வழிகாட்டிப் பெண் பாராட்டினாள்.

கரை பின்னால் போகப் போகச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. மனிதக் குரல் போயிற்று, பறவைச் சத்தம் போயிற்று. கடைசியில் துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தமும், ஏறும்போது சொட்டுகிற சத்தமும் மட்டும் மிஞ்சின. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால், படகு எதன்மீதும் இல்லாமல் சும்மா நிற்பது போலவும், படகின் நிழல் மட்டும் ரொம்பக் கீழே மணலில் கூடவே நடந்து வருவது போலவும் இருந்தது. அவருக்கு முன்னால் மனைவியின் தொப்பி. தொப்பிக்குக் கீழே கழுத்து. அந்தக் கழுத்தை மெஷின்மேல் குனிந்த நிலையில்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறார். இன்று அது நிமிர்ந்திருந்தது. இவளைக் கையில் துணி இல்லாமல் உட்கார்ந்து பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தார். கணக்குக் கிடைக்கவில்லை.

"இங்க பாருங்க, மேகம் தண்ணிக்குள்ள போகுது" என்றாள் அவள், திரும்பாமல்.

இவளை ஏமாற்றத்தானா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று அவருக்கு இருந்தது. இப்போதே, இந்தத் தொப்பியிடமே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். ஆனால் அவள் வாய் காலியாக இருந்தது. துடுப்பை மட்டும் போட்டார்.

இரண்டாவது தீவு தீவு என்று சொல்வதற்கே கொஞ்சம் சின்னது. வெள்ளை மணலில் ஒரு திட்டு, தலைக்குக் கொஞ்சம் மரம். அதைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீர், அதற்கு அப்பால் பவளப்பாறை. எல்லோருக்கும் மிதவைச் சட்டையும் கண்ணாடியும் குழாயும் கொடுத்தார்கள். பல் செட்காரர் மனைவியின் குழாயை வாங்கி, பல்லில் கடிக்கிற ரப்பர் பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். தொழில்முறை மரியாதையோடுதான். மேல் கீழ் இரண்டு வரிசைக்கும் சரியான பிடிப்பு, உதட்டுக்கு வெளியே அகலமான மடிப்பு. டாக்டரின் தட்டு பிச்சை வாங்க வேண்டும். நல்ல பொருள், கெட்டியாகக் கடித்துக்கொள் என்று மனைவிக்கு அன்போடு மாட்டிவிட்டார். அவள் கடித்தாள். தீவுகளின்மேல் ஒரு மௌனம் இறங்கியது.

மாபெரும் திட்டங்களில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். இதில் இரண்டு இருந்தது. முதல் ஓட்டை, அவர் வாயிலும் குழாய் இருந்தது. பாறைக்கு மேலே போனதும், அவள் பக்கத்தில் மிதந்துகொண்டு, ஆர்வத்தில் அதை மறந்து பேச்சைத் தொடங்கிவிட்டார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல், உதடும் உதடும் ஒட்டாமல் என்ன பேச முடியும் என்பதை ஊரில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. குழாயின் மேல்முனையில் ஒரு கொட்டாவி மட்டும் வெளியே வந்தது. இரண்டாவது ஓட்டை, குழாயைக் கழற்றிவிட்டுச் சொன்னபோது தெரிந்தது. முகம் தண்ணீருக்குள் இருந்தால் காதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அவர் அண்ணன் வருகிற செய்தியை மூன்று தரம் அறிவித்தார். கேட்டதெல்லாம் கடல்தான். மூன்றாவது தரத்தில் ஒரு சின்ன அலை வந்து பாதிச் செய்தியை அவர் தொண்டைக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. இருமினார். வழிகாட்டிப் பெண் பாய்ந்து வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டாள். குடும்ப விஷயம் என்று கையாலேயே சொல்லி அனுப்பினார்.

ஓய்வெடுக்க நடுவில் ஒரு சிவப்பு மிதவை கட்டியிருந்தார்கள். மனைவி அதைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே எடுத்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. குழாய் வாயிலேயே இருந்தது. காதிலிருந்து தண்ணீர் வழிந்து, காது வெளியே இருந்தது. இந்த மாதிரி நேரம் ஜாதகத்தில் ஒரு தடவைதான் வரும்.

"அண்ணன் வரார்" என்றார் பல் செட்காரர். "திங்கக்கிழம. ஆறு மாசம். முன் ரூம்லதான் தங்கறார். நான் சரின்னுட்டேன்."

முழுதாக ஐந்து வாக்கியம். ஐந்தையும் அவரே தொடங்கி அவரே முடித்தார். கடைசியை முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நம்பிக்கை வராமல் காத்திருந்தார்.

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கண்கள் அவரைப் பார்த்தன. கண்ணாடியும் தண்ணீருமாகச் சேர்ந்து அவை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தன. கோபமா, வருத்தமா, ஒன்றும் புரியவில்லை.

"ம்ம்" என்றாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.

முடிந்தது. மூன்று வாரத்துப் பாரம் அவ்வளவு லேசாக இறங்கிவிட்டது. பல் செட்காரர் தன் குழாயைக் கடித்துக்கொண்டு தானும் குனிந்தார்.

கீழே வேறு ஒரு உலகம் நடந்துகொண்டிருந்தது. இதுவரை அவர் கடலைச் சரியாகப் பார்க்கவே இல்லை, குழாயைத்தான் பார்த்திருந்தார். இப்போது பார்த்தார். மேலே வெயில் உடைந்து, கீழே பாறைமீது வலைவலையாக நகர்ந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் போயின. விசிறி மாதிரி ஏதோ ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அவரும் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். உடம்புக்குக் கனமே இல்லை. கிளி மூக்கு வைத்த பச்சை மீன் ஒன்று பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கறுக், கறுக் என்று சத்தம் தண்ணீருக்குள் துல்லியமாகக் கேட்டது. என்ன கடி, மேலும் கீழும் என்ன பொருத்தம் என்று அவர் மெய்மறந்தார். இதைச் செய்தவன் மெழுகில் ஒரு தடவைகூடச் சரிபார்த்திருக்க மாட்டான். அப்போது ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. மனைவியின் கை. ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த நுனிவிரல். அவள் இன்னொரு கையால் கீழே காட்டினாள். அதே மீன். அவர் தொழிலுக்கு ஏற்றதாக அவளே கண்டுபிடித்துக் காட்டுகிறாள். இரண்டு பேரும் கை கோத்தபடி அதன் பின்னாலேயே மிதந்து போனார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவர் நினைத்தார். அது உண்மையும்கூட.

மணல்திட்டில் மரநிழலில் ரொட்டியும் பழமும் கொடுத்தார்கள். குழாயெல்லாம் கூடைக்குப் போய்விட்டது. இனி வரும், எப்படியும் வரும் என்று பல் செட்காரர் தயாராக உட்கார்ந்தார். முதலில் ஒரு கேள்வி வரும், பிறகு பத்து வரும், பிறகு 1. அண்ணன், 2. அண்ணனுடைய குரல், 3. அன்றைக்கு ஒரு நாள் அண்ணன் சொன்னது என்று வரிசையாக வரும். எதுவாக இருந்தாலும் விஷயம் பழசு. டாக்டர் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை. அவள் பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது கேட்டுச்சுல்ல?" என்றார் அவராகவே.

"ம்ம்."

வாயில் பழம் இருக்கிறது என்று சமாதானப்பட்டுக்கொண்டார். பழம் தீர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ரொட்டி வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். "ம்ம்" என்றாள், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் அதிகமோ என்றார். அதற்கும் "ம்ம்". சண்டை அவருக்குப் பழக்கம். கத்தினால் எந்த நேரத்தில் தலையை ஆட்டுவது, எந்த நேரத்தில் குப்பையைக் கொட்டப் போவது என்று பத்தொன்பது வருடத்தில் கற்றிருந்தார். இவள் பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று எங்கேயும் கற்கவில்லை. டாக்டருக்கும் இது தெரிந்திருக்காது. டாக்டர் தட்டை எடுத்ததும் நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். இவருடைய நோயாளி இவர் வீட்டுக்கே வருகிறாளே.

திரும்பும்போது கடல் எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பாகியிருந்தது. சாயங்கால வெயில் தண்ணீர்மேல் நீளமாகப் படுத்துக்கிடந்தது. மற்றப் படகுகள் முன்னால் போய்ச் சின்னதாகிவிட்டன. தொப்பி, கழுத்து, துடுப்பு. தொப்பி, கழுத்து, துடுப்பு. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உன் மெஷினையெல்லாம் நான் அப்படியே விட்டுட மாட்டேன். பின் ரூம்ல போட்டுக்க."

பின் ரூம் அவருடையது. ஒரு சாய்வு நாற்காலி, பழைய பத்திரிகைக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். உலகத்தில் அவர் மட்டும் தனியாக இருக்கிற ஒரே இடம்.

"ம்ம்" என்றது தொப்பி.

போதவில்லை போலிருக்கிறது. சாய்வு நாற்காலி இடத்தை அடைக்கும், அதை எடுத்துவிடலாம் என்றார். "ம்ம்." அங்கே வெளிச்சம் குறைவு, சுவரை உடைத்து ஜன்னலைப் பெரிதாக வைத்துத் தருவதாகச் சொன்னார். "ம்ம்." அடுத்தடுத்துத் துடுப்பு விழ விழ ஒவ்வொன்றாகப் போயிற்று. பத்திரிகைக் கட்டு போயிற்று. மத்தியானத் தூக்கம் போயிற்று. பல் நடுகிற கை சும்மாதானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தையலைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்றார். அண்ணனுக்குக் காலையும் இரவும் தானே சமைத்துப் போடுவதாகவும் சொன்னார். இதையெல்லாம் சொல்கிறபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாள் வாய் திறக்காத மனிதர் இன்று ஒருவரும் குறுக்கிடாமல் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கடல் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. தண்ணீரும் வானமும் எங்கே சேர்கின்றன என்று தெரியாத அந்தப் பொன்னிற வெளிச்சத்தில், கொடுப்பதுகூட ஒரு கனவு மாதிரி சுகமாகத்தான் இருந்தது.

விசைப்படகில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி தொப்பியைக் கழற்றினாள். முடியை உதறிக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"பின் ரூம் எனக்குத்தானே?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. "உனக்குத்தான்" என்றார்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

எதிரே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண்ணைக் காட்டி, இந்தப் பெண் சாட்சி என்றார். அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமலே தலையாட்டி வைத்தாள்.

"அப்ப சரி" என்றாள் மனைவி. "முன் ரூம்ல தைக்கறேன். பின் ரூம்ல வெட்டற பலகையப் போட்டுக்கறேன். ரொம்ப நாளா இடம் பத்தலைன்னு இருந்தேன்."

"முன் ரூம்ல எப்படிம்மா? அண்ணன் வராரே."

"வரலையே. அவர் பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு போர்ஷன் காலியாச்சாம். அங்க போறாராம். உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணாராம், நீங்க எடுக்கலையாம். அதான் எனக்குப் பண்ணார்."

எடுக்கவில்லைதான். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டுவிடுவாரே என்று, அண்ணன் பெயர் தெரிந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். "இது எப்போ?" என்றார்.

"பத்து நாள் இருக்கும். உங்க முன் ரூம் எனக்கு வேணாம்மா, தம்பிகிட்ட சொல்லிருன்னார். அவர் வரப்போற விஷயமே அப்பத்தான் எனக்குத் தெரியும்."

பல் செட்காரர் கடலைப் பார்த்தார். சாய்வு நாற்காலி, ஜன்னல், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அங்கேதான் எங்கேயோ கிடந்தன.

"பத்து நாளா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் அவள், காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டே. "பத்தொம்பது வருஷமா ஒரு பல் செட்காரரோட குடும்பம் நடத்தறேன். உங்க வாயில ஏதாவது மாட்டட்டும், அப்பச் சொல்லலாம்னு பாத்துட்டிருந்தேன்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதில் குழாய் இல்லை, தட்டு இல்லை, ஒன்றுமே இல்லை. "ம்ம்" என்றுதான் வந்தது.